ஊமத்தங்காய் வீடியோவுக்கு ஹார்ட் போட்ட என் பிள்ளைகளுக்கு



நீளமான பதிவு. டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை, முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், பின்னணியில் புல்லாங்குழல், கையில் ஒரு ஊமத்தங்காய். இளைப்பு, மூட்டுவலி, நாய்க்கடி மூன்றுக்கும் இந்த ஒரு காய் போதுமாம். பக்க விளைவே கிடையாதாம். இங்கிலீஷ் மருத்துவம் மறைத்து வைத்த ரகசியமாம். உள்ளுக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அளவும் சொல்கிறார். அந்த அளவை இங்கே எழுத மாட்டேன். நாற்பது பேருக்கு மேல் ஹார்ட் போட்டிருக்கிறீர்கள். அதில் ஐந்தாறு பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். ஒரு பெண் நர்சிங் முடித்தவள். எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

"வேண்டாம், இது விஷம்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். வந்த பதில்களைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒன்று: "சார், இது இயற்கை. இயற்கையில ஏது சார் சைடு எஃபெக்ட்?"

இரண்டு, என் மைத்துனர் மகனிடமிருந்து: "மாமா, நம்ம தாத்தா பாட்டியெல்லாம் இதைத்தானே சாப்பிட்டு நூறு வயசு வாழ்ந்தாங்க?"

மூன்று: "வாத்தியாரே, நீங்க சித்த மருத்துவத்துக்கு எதிரியா?"

மூன்றுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. ஊமத்தைக்கும் எதிரி இல்லை. சொல்லப்போனால் அந்த வீடியோக்காரரை விட எனக்கு ஊமத்தை மேல் மரியாதை அதிகம். கொசஸ்தலை ஆற்றங்கரையிலும், குப்பை மேட்டிலும், கரும்பு வயல் வரப்பிலும் யாரும் விதைக்காமல் வளரும் செடி. நம் வீடுகளில் தெலுங்கில் உம்மெத்த என்போம். வெள்ளைப்பூ ஒரு வகை, ஊதாப்பூவும் கருந்தண்டும் உள்ள கருஊமத்தை ஒரு வகை. சிவன் கோவிலில் பூவைச் சாத்துகிறோம். விநாயகர் சதுர்த்திக்கு வைக்கும் இருபத்தோரு இலைகளில் இதுவும் ஒன்று. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாம் இருக்கிற அதே குடும்பம்தான். சித்தியின் மகன் என்று சொல்லலாம், ஆனால் குணம் வேறு.

இதன் மருத்துவப் பயனை யாரும் மறைக்கவில்லை. கேளுங்கள்.

1802 வாக்கில் நம்முடைய மதராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். இங்கே இளைப்புக்காரர்கள் ஊமத்தையைப் புகையாகப் பிடிப்பதைப் பார்த்து, அதையே ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்குச் சொல்ல, அவர் அந்த வழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருந்துக் கடைகளில் விற்றது. ஆக, ஊமத்தைக்கு இளைப்பைத் தணிக்கும் சக்தி உண்டு என்பது இருநூறு வருடமாக ஊருக்கே தெரிந்த விஷயம். ரகசியம் எங்கே இருக்கிறது?

பிறகு ஏன் அந்த சிகரெட் இன்றைக்குக் கடையில் இல்லை? அங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபாலமின் என்ற மூன்று சரக்குகள். நம் உடம்பில் சில நரம்புகள் அசிடைல்கோலின் என்ற பொருளை அனுப்பித்தான் சேதி சொல்கின்றன. எச்சில் ஊறு, வியர்வை விடு, குடலை அசை, கண்மணியைச் சுருக்கு, இதயமே நிதானமாக ஓடு, மூச்சுக்குழாயை இறுக்கு. இந்தச் சேதி போய்ச் சேரும் பூட்டுகளில் ஊமத்தைச் சரக்கு முன்னதாகவே போய் உட்கார்ந்துகொள்கிறது. சேதி உள்ளே போகாது. மூச்சுக்குழாய் தளர்கிறது, இளைப்பு தணிகிறது. சரிதான். ஆனால் அதே நேரத்தில் எச்சில் வற்றுகிறது, வியர்வை நிற்கிறது, சிறுநீர் இறங்குவதில்லை, இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, மூளை குழம்புகிறது. மூச்சுக்குழாயை மட்டும் தொடு, மற்றதை விட்டுவிடு என்று ஊமத்தங்காய்க்குச் சொல்ல முடியாது.

வேதியியல்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். அட்ரோபினைக் கொஞ்சம் மாற்றி, மூளைக்குள் எளிதில் நுழையாதபடி இப்ராட்ரோபியம் என்ற மருந்தை உண்டாக்கினார்கள். இளைப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கில் மாஸ்க் வைத்துப் புகை விடுகிறார்களே, அந்த மருந்தில் பல நேரம் இது இருக்கும். இன்ஹேலரில் ஒரு அழுத்துக்கு 20 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. "இங்கிலீஷ் மருந்து ஊமத்தையை மறைத்தது" என்கிறவரே, உங்கள் ஊமத்தையின் பேரன்தான் அந்தப் புகை மருந்தில் இருக்கிறான். தாத்தாவின் முரட்டுக் குணத்தை விட்டுவிட்டு நல்ல குணத்தை மட்டும் எடுத்து வந்த பேரன்.

இன்னொரு பயன், நம் ஊர் விவசாயிகளுக்கு நேரடியாகத் தெரிந்தது. பூச்சிமருந்து உடம்பில் ஏறியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் முதலில் கொடுப்பது அட்ரோபின் ஊசி. ஆர்கனோபாஸ்பேட் மருந்து, நான் மேலே சொன்ன அசிடைல்கோலினை உடம்பில் தேங்க வைத்துவிடும். எச்சில் வழியும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், நெஞ்சில் நீர் கோக்கும். அட்ரோபின் அதற்கு நேர் எதிர். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய ஊசி அது. உடனே ஒருவர் "அப்போ பூச்சிமருந்து குடிச்சவனுக்கு ஊமத்தை கொடுக்கலாமா சார்?" என்பார். கூடவே கூடாது. அங்கே டாக்டர் நிமிடக் கணக்கில் நாடி பார்த்து, நெஞ்சு கேட்டு, கண்மணி பார்த்து ஊசியின் அளவை ஏற்றி இறக்குகிறார். நீங்கள் காய் அரைத்து ஊற்றினால் ஒரு விஷத்துக்கு மேல் இன்னொரு விஷம், அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் பாடம். நம் ஆஸ்பத்திரிகளில் அட்ரோபின் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். ஒரு குப்பியில் இருப்பது 0.6 மில்லிகிராம். ஊமத்தையின் நெருங்கிய சொந்தமான ஸ்ட்ரமோனியம் செடியின் நூறு விதையில் சுமார் 6 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கும் என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன. பத்துக் குப்பி! ஒரு காயைப் பிளந்தால் உள்ளே நூற்றுக்கணக்கில் விதை. ஒரு குப்பியைப் போடவே நர்ஸ் டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி, நேரம் குறித்துப் போடுகிறார். வீடியோக்காரரோ ஒரு முழுக் காயைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

சரி, கொஞ்சமாகச் சாப்பிட்டால்? கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும் என்பதுதான் என் கேள்வி. இலையில் ஒரு அளவு, விதையில் வேறு அளவு. இளசில் ஒன்று, முற்றலில் ஒன்று. மழைக்காலச் செடியும் கோடைச் செடியும் ஒன்றில்லை. என் வரப்புச் செடியும் உன் வரப்புச் செடியும் ஒன்றில்லை. போன மாதம் ஒன்றும் ஆகாத அதே ஒரு கரண்டி, இந்த மாதம் ஆளைச் சாய்க்கலாம். "நான் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது சாட்சி ஆகாது. ஹெல்மெட் இல்லாமல் திருத்தணி வரை போய் உயிரோடு வந்தவர் எத்தனையோ பேர். அதற்காக ஹெல்மெட் தேவையில்லை என்று ஆகிவிடுமா?

இப்போது முதல் கேள்வி. "இயற்கையில் ஏது சைடு எஃபெக்ட்?" தம்பி, பாம்பும் இயற்கைதான். எட்டிக்காயும் குன்றிமணியும் அரளியும் இயற்கைதான். செடி நமக்காக மருந்து தயாரிப்பதில்லை. ஆடும் மாடும் தன்னைத் தின்றுவிடாமல் இருக்க விஷம் சேர்த்து வைக்கிறது. வரப்பில் ஆடு எல்லாவற்றையும் மேயும், ஊமத்தையை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போகும். பார்த்ததில்லையா? ஐந்தறிவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?

இயற்கை என்ற பெயரில் நடந்தவற்றைச் சொல்கிறேன். 2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். நம் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில் பைரெட்டிபள்ளி மண்டலம். 1960 ஏப்ரல் 1 வரை நாமும் அந்தச் சித்தூர் மாவட்டம்தான், வேற்று ஊர் இல்லை. ஊமத்தங்காய் பார்க்க கொரோனா வைரஸ் படம் மாதிரி முள்முள்ளாக இருப்பதால் அதன் விதை கொரோனாவை விரட்டும் என்று டிக்டாக்கில் ஒரு வீடியோ. அதை நம்பிச் சாறு எடுத்துக் குடித்த குடும்பங்களில் பத்துப் பேர் அளவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், குழந்தைகள் உட்பட. நல்ல வேளை, பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. பயந்தவர்கள். பயந்தவன் கையில் அந்த வீடியோவைக் கொடுத்தவன்தான் குற்றவாளி. அன்றைக்கு அதைப் பகிர்ந்தவர்களும் உங்களைப் போல நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்திருப்பார்கள்.

2019-ல் உகாண்டா நாட்டில் உதவியாகக் கொடுத்த சத்து மாவில் ஊமத்தை வகைச் செடியின் விஷம் கலந்துவிட்டது. சுமார் முந்நூறு பேருக்கு உடம்பு கெட்டது, ஐந்து பேர் இறந்தார்கள். அதில் யாரும் வேண்டுமென்று கலக்கவில்லை. வயலில் களையாக இருந்தது தானியத்தோடு வந்துவிட்டது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட் கீரையில் இதே இனச் செடியின் இலை கலந்து பல பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கலந்த ஒரு சில இலைக்கே இந்தப் பாடு. காயையே அரைத்துக் குடித்தால்?

அரளிக் கதை உங்களுக்குத் தெரியும். 2024-ல் கேரளத்தில் ஒரு இளம்பெண் அரளியை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற செய்திக்குப் பிறகு, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவை நிறுத்தியது. எத்தனையோ காலமாகச் சாமிக்குப் போட்ட பூ. சாமி கோபித்துக்கொள்ளவில்லை. தெரிந்த பிறகு மாற்றிக்கொள்வதில் பக்திக்கு ஒரு குறைவும் இல்லை.

இரண்டாவது கேள்வி, தாத்தா பாட்டி. மாப்பிள்ளை, உங்கள் தாத்தாவை எனக்கு நன்றாகத் தெரியும். யாராவது உளறினால் "ஊமத்தங்காய் தின்னவன் மாதிரி பேசாதே" என்று திட்டுவார். அந்த ஒரு வசவிலேயே எல்லாம் இருக்கிறது. அவர்களுக்கு இது என்ன செய்யும் என்று தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்பறிக்காரர்கள் பயணிகளின் சோற்றில் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையடித்ததைப் பற்றி அன்றைய மருத்துவ நூல்களிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் தடயவியல் மருத்துவப் பாடத்தில் மிளகாய் விதைக்கும் ஊமத்தை விதைக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்களைக் கேட்பார்கள். மிளகாய் விதை உருண்டையாக, வெளிர் மஞ்சளாக இருக்கும். ஊமத்தை விதை கொஞ்சம் பெரிதாக, சிறுநீரக வடிவில் இருக்கும். ஏன் இந்தப் பாடம்? கலந்து கொடுத்த வழக்குகள் வந்ததால்தான்.

நம் முன்னோர் ஊமத்தையைப் பயன்படுத்தினார்கள், சந்தேகமில்லை. எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் வீடியோக்காரர்கள் விழுங்கிவிடுகிறார்கள். சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம் என்று ஒன்று உண்டு. ஊமத்தை இலைச்சாறு, தேங்காய் எண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவது. ஆறாத புண்ணுக்கு மேலே போடுவது. குடிப்பதற்கு இல்லை. உள்ளுக்குக் கொடுக்கும் சரக்குகளுக்கு சுத்தி என்று தனி முறை வைத்திருந்தார்கள். விஷச் சரக்கை அப்படியே யாருக்கும் கொடுக்காதே என்பது அவர்கள் சட்டம். வைத்தியர் நாடி பிடித்து, வயது பார்த்து, பத்தியம் சொல்லிக் கொடுப்பார். பக்கத்திலேயே இருப்பார். ஏதாவது ஆனால் ஊர் அவரைக் கேட்கும். வீடியோக்காரரை எங்கே போய்க் கேட்பீர்கள்? கமெண்ட் பகுதியிலா?

இன்றைய சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1945-ஆம் வருட மருந்து, அழகுசாதன விதிகளில் இ-1 என்று ஒரு அட்டவணை உண்டு. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மருந்துகளில் சேரும் விஷச் சரக்குகளின் பட்டியல் அது. ஊமத்தை, எட்டி, குன்றி, சேராங்கொட்டை, நாபி, நேர்வாளம் எல்லாம் அதில் இருக்கிற இனங்கள். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கும் சேர்த்தி. இவை சேர்ந்த உள்மருந்துப் புட்டியில் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை அச்சடிக்க வேண்டும். சித்த மருத்துவமே விஷம் என்று பெயரிட்டு வைத்ததை, சித்த மருத்துவத்தின் பெயரைச் சொல்லியே விஷமில்லை என்கிறார் இவர். அப்படியானால் சித்தத்துக்கு யார் எதிரி, நானா, அவரா?

நாய்க்கடி விஷயத்தில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. நாய் கடித்தால் ஊமத்தை கொடுப்பது பழைய நாட்டு வழக்கம்தான், மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. லூயி பாஸ்டர் 1885-ல் வழி கண்டுபிடித்தார். நம் குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிலையம் தொடங்கிவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று! வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. தெரிவதற்கு முன் ஊசி போட்டால் அநேகமாக எல்லோரும் பிழைக்கிறார்கள். இடையில் இருக்கும் அந்த நாட்கள்தான் உயிர். அந்த நாட்களில் ஊமத்தையை நம்பி உட்கார்ந்திருப்பவன் இரண்டு வகையில் போகிறான். பல நாய்களுக்கு வெறி இருப்பதில்லை, அதனால் ஊமத்தை தின்ற பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைத்து "எனக்குக் குணமாச்சு" என்பார்கள். பத்தாவது ஆள் பேச இருக்க மாட்டான். வீடியோவில் சாட்சி சொல்வது எப்போதும் அந்த ஒன்பது பேர்தான்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னும் பயந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தப் பழைய ஊசியை 2004-லேயே நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். இப்போது அரசு மருத்துவமனையில் கையில்தான் போடுகிறார்கள், முதல் நாள், 3, 7, 28 என்று நாலு தடவை, காசு இல்லாமல். கடித்த உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி.

இதுவரை உங்களைத் திட்டினேன். இனி என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும்.

1990-களில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூலிகைத் தோட்டம் போட்டோம். துளசி, ஆடாதொடை, தூதுவளை, நிலவேம்பு, கூடவே ஒரு ஊமத்தை. தகரப் பலகை வெட்டி, என் கையாலேயே பெயிண்டில் எழுதினேன். "ஊமத்தை. பயன்: இளைப்பு நோய்." பார்வைக்கு வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. வளர்த்தது அவ்வா. அவ்வாவுக்கு இளைப்பு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே தூங்குவார். ஒருநாள் சாயங்காலம் அவன் சைக்கிளில் என் வீட்டுக்கு ஓடி வந்தான். "சார், அவ்வா என்னென்னமோ பேசுறாங்க சார்."

போய்ப் பார்த்தேன். உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாக்கு மரக்கட்டை. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கருப்பாக இருக்கிறது, விளக்கைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். பத்து வருடம் முன்னால் செத்துப்போன புருஷனோடு தெலுங்கில் சண்டை போடுகிறார். காற்றில் இல்லாத நூலைப் பிடித்து இழுத்து இழுத்துச் சுருட்டுகிறார். அந்தக் கை அசைவை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு வேனைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பையன் டவுசர் பையில் கையை விட்டு மீதிக் காயை எடுத்து நீட்டினான். "சார்தான் போர்டுல எழுதியிருந்தாரு" என்றான். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னான்.

அந்தக் காயைக் காட்டியதால்தான் வைத்தியம் சீக்கிரம் தொடங்கியது. சிறுநீர் இறங்காமல் குழாய் வைத்தார்கள். கட்டிலோடு துணியால் கட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தெளிந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "நீ எழுதி வெச்சதத்தானே பிள்ள கொண்டாந்தான், நீ ஏன் வாத்தியாரே அழுவுற?" என்றார்.

மறுநாள் விடியும் முன் போய் அந்தப் பலகையைப் பிடுங்கினேன். நான் எழுதியது பொய் இல்லை. ஊமத்தை இளைப்புக்குப் பயன்பட்டது உண்மை. ஆனால் பாதியை எழுதிவிட்டு மீதியை விட்டேன். ஒரு பையன் அந்தப் பாதியை முழுசாக நம்பினான், நான் அவன் வாத்தியார் என்பதால். இன்றைக்கு வீடியோ போடுகிறவர் செய்வதும், நீங்கள் அதைத் தள்ளிவிடுவதும் நான் அன்று எழுதிய பலகைதான். என் பலகையை அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் படித்தார்கள். உங்கள் பலகையை எத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது. உங்கள் பெயரைப் பார்த்து, "நம்ம ஆளு அனுப்பியிருக்கான்" என்று நம்பிப் படிப்பார்கள்.

அந்தப் பையன் இன்று இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நம் குழுவில்தான் இருக்கிறான். அவன் ஹார்ட் போடவில்லை. எனக்கு போன் போட்டு "நம்ம கதையை எழுதுங்க சார்" என்றான். அவன் சொல்லித்தான் எழுதுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மக்கள் வீடியோ வைத்தியத்துக்குப் போவது கொழுப்பினால் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு இளைப்பு வந்தால் வண்டி பிடிக்க வேண்டும், திருத்தணிக்கோ சித்தூருக்கோ ஓட வேண்டும், தனியாரில் காசு, அரசில் வரிசை, அங்கே எரிந்து விழும் ஒரு குரல். வீடியோக்காரர் சிரித்த முகத்தோடு, இலவசமாக, நம் தமிழில் பேசுகிறார். இந்தக் குறையை நான் மறுக்கவே மாட்டேன். ஆஸ்பத்திரியில் வசதி கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் பஸ் வரவில்லை என்பதற்காகக் கிணற்றில் குதிக்க முடியாது.

சித்த வைத்தியம்தான் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "வீட்டில் ஊமத்தங்காய் அரைத்துக் குடிக்கலாமா?" என்று கேளுங்கள். என்னை விட அதிகமாகத் திட்டுவார்கள்.

நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

1. அந்த வீடியோவை அழியுங்கள். யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கு "தப்பு, சாப்பிடாதீர்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

2. வீட்டைச் சுற்றி ஊமத்தை இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டி, பெயர் சொல்லி, வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள். பறித்தால், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது. சதுர்த்தி பூஜை முடிந்ததும் அந்த இலைகளைக் குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.

3. வயல்வெளியில் பறித்த கீரையை ஒரு தடவை அதிகமாகப் பார்த்து ஆயுங்கள். தெரியாத இலை ஒன்று இருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

4. யாராவது தின்றுவிட்டால் புளிக்கரைசல், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தின்ற இலை, காய், விதை எது மிச்சமிருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். "என்ன சாப்பிட்டார்" என்று கேட்டால் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அறிகுறி பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தொடங்கும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். "தூங்கி எழுந்தா சரியாகிடும்" என்று விடாதீர்கள்.

5. இனிமேல் எந்த மூலிகை வீடியோ வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அளவு மீறினால் என்ன ஆகும் என்று இவர் சொன்னாரா?" சொல்லவில்லை என்றால் அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்து மறைக்கிறார். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர் வைத்தியர் இல்லை.

அந்தப் பலகையைப் பிடுங்கிய இடத்தில் மறுபடியும் ஒன்று எழுதி நட்டேன். "ஊமத்தை. நச்சுச் செடி. வாயில் வைக்காதே." பயனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைக் கேட்க வந்த பிள்ளைகளுக்கு நேரில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் சேர்த்துச் சொன்னேன்.

இந்தப் பதிவுக்கு ஹார்ட் வேண்டாம். "அழித்துவிட்டேன் சார்" என்று ஒரு வரி போதும். மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், பதில் சொல்ல எனக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது. நர்சிங் படித்த அம்மா, நீ மட்டும் எனக்கு போன் செய்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
பள்ளிப்பட்டு